வரி ரசீதை வைத்து வீடு கேட்காதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா 2006-ல் உயில் எழுதாமல் காலமானார், அம்மாவும் இப்போது இல்லை. பிள்ளைகள் நால்வர். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் இவர் குடியிருக்கிறார். முன்பக்கக் கடைகள் இரண்டையும் தலா 9,000 ரூபாய் மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டு வரி கட்டுவது இவர்தான். புதுச்சேரியில் இருக்கும் அக்கா இப்போது பங்கு கேட்கிறார். "நான் கட்டிய 80,000 ரூபாய் வரியில் முக்கால் பங்கை மற்ற மூவரும் தர வேண்டும் என்று நோட்டீஸ் விடலாமா?" என்பது கேள்வி. நோட்டீஸ் நகலையும் அனுப்பியிருக்கிறார்.

2011 தானே புயலில் கூரை பறந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை, 2015 வெள்ளத்தில் தனியாகத் தண்ணீர் இறைத்தேன் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் அதற்கு இடம் இல்லை. பழுது பார்த்த பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், அது மட்டும் பயன்படும்.

சட்டப்படி விஷயம் ஒன்றுதான்: நீங்கள் நால்வரும் ஆளுக்குக் கால் பங்கு உள்ள கூட்டுச் சொந்தக்காரர்கள். ஒரு பங்குதாரர் வரி கட்டினால் எல்லோருக்காகவும் கட்டியதாகவே அர்த்தம். யாரிடம் வசூலிப்பது என்பதற்காகத்தான் மாநகராட்சிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அதனால் சொத்து யாருக்கும் சொந்தமாகிவிடாது.

வரியில் மற்றவர்கள் பங்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஒப்பந்தச் சட்டம் 69-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். பழைய ரசீதுகளை வைத்துத் தனி வழக்குப் போட முடியாது.

இனி உங்கள் நோட்டீஸ். அதை அனுப்பவே அனுப்பாதீர்கள். மூன்றாவது பத்தியில் "உங்கள் பங்குக்கான வரியைத் தாருங்கள்" என்கிறீர்கள். ஐந்தாவது பத்தியில் "12 ஆண்டுக்கு மேல் நான் தனியாக அனுபவித்ததால் உங்கள் உரிமை போய்விட்டது" என்கிறீர்கள். உரிமை போனவரிடம் எதற்கு வரி கேட்பது? இப்படி நோட்டீஸ் விட்டுவிட்டு, பிறகு எதிரிடை அனுபவம் (மற்றவர் உரிமையை மறுத்து நீண்ட காலம் அனுபவித்ததால் சொத்து தனக்கே என்ற வாதம்) பேசி வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் சான்றாவணமாகத் தாக்கல் செய்வது அந்த நோட்டீஸைத்தான். குறுக்கு விசாரணையில் மூன்றாவது பத்தியைப் படிக்கச் சொல்வார், அத்தோடு முடிந்தது.

மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டாலும் பிழைக்காது. கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவம் எல்லோருடைய அனுபவமாகவே கருதப்படும். "உனக்கு உரிமையே இல்லை" என்று அவர்களுக்குத் தெரியும்படி மறுத்து, அதிலிருந்து 12 ஆண்டு ஓடியிருக்க வேண்டும். நீங்கள் இன்றுவரை அப்படி மறுக்கவில்லை. இப்போது மறுத்தால் 12 ஆண்டுக் கணக்கு இன்றைக்குத்தான் தொடங்கும். அக்கா அடுத்த மாதமே பாகப்பிரிவினை வழக்குப் போடுவார்.

போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். இப்போதைய வரி அரையாண்டுக்கு 3,000 ரூபாய் என்கிறீர்கள். 3 ஆண்டுக்கு 18,000, அதில் மூவர் பங்கு 13,500. கடை வாடகையோ 3 ஆண்டுக்கு 6,48,000, அதில் அவர்கள் பங்கு 4,86,000! நீங்கள் 13,500-க்கு வாயைத் திறந்தால் அவர்கள் வாடகைக் கணக்கைத் திறப்பார்கள். வழக்கு எத்தனை வருடம் நடக்கிறதோ அத்தனை வருட வாடகையும் அதில் சேரும். வாடகை வாங்கிக்கொண்டு வரி கட்டியவருக்கு, வரியை முதலில் வாடகையில்தான் கழிப்பார்கள். உங்கள் கடிதம் முழுக்க வரி, வரி என்றிருக்கிறது, வாடகையைப் பற்றி ஒரே ஒரு வரி.

வழக்கு நடக்கும் வீட்டுக்கு நல்ல விலை கிடைக்காது. பிரிக்க முடியாத வீடு என்றால் கடைசியில் ஏலத்துக்கே போகலாம். ஆகவே சமாதானமாகப் போங்கள். அக்காவின் கால் பங்குக்கு இன்றைய சந்தை விலையில் ஒரு தொகை பேசி, தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவரிடமிருந்து பதிவு செய்துகொள்ளுங்கள். பணம் புரட்ட முடியாவிட்டால் ஒரு கடையை அவர் பாகத்துக்கு ஒதுக்கி, மற்ற இருவரையும் சேர்த்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் போடுங்கள். அதன் பிறகு தனித்தனி வரிவிதிப்புக்கு மனு கொடுத்தால் அவரவர் பாகத்துக்கு அவரவர் கட்டலாம். நெய்வேலி அண்ணன் "எனக்கு வேண்டாம்" என்று வாயால் சொன்னதை நம்பாதீர்கள், அவரிடமும் பதிவுப் பத்திரம் வாங்குங்கள். பதிவு எதற்கு, முத்திரைத்தாளில் கூர்ச்சீட்டு (குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகச் சீட்டு) எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொந்தக்காரர் யாராவது யோசனை சொல்வார், கேட்காதீர்கள். நீங்களே ஒரே வாரிசு என்று எழுதிக் கொடுத்து வரிப் பெயரை மாற்றலாம் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்களே, அது சிவில் வழக்கோடு நிற்காது, போலீஸ் புகார் வரை போகும்.

அடுத்த அரையாண்டு வரியை வழக்கம்போல நீங்களே கட்டிவிடுங்கள். பாக்கி விழுந்தால் அது சொத்தின் மேல்தான் நிற்கும், மாநகராட்சி பங்கு பிரித்து வசூலிக்காது. அக்காவிடம் பேசப் போவதற்கு முன் கடை வாடகை வந்த வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.