சொந்தமாக ஒரு நிரல்மொழி எழுதியிருக்கிறேன். அதையே ஆய்வாகத் தொடரலாமா?

கேள்வி: பி.இ. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் ஒரு சிறிய நிரல்மொழியும் அதை இயக்கும் இன்டர்பிரெட்டரும் எழுதினேன். நிரல்மொழி ஆய்வாளராகப் பல்கலைக்கழகத்தில் பணியாற்ற ஆசை. கேம்பஸில் வேலை கிடைத்தால் சேர்ந்துவிடு என்கிறார்கள் பெற்றோர். இது நடக்கிற காரியமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இந்த ஆய்வாளர்களின் நாட்களில் பெரும்பகுதி புதிய மொழி படைப்பதில் கழிவதில்லை. பல லட்சம் வரி நிரல்கள் ஏற்கெனவே நம்பியிருக்கும் மொழிகளைப் பழுதுபார்ப்பதிலும், அந்தப் பழுது இனி வராது என்று நிறுவுவதிலும் கழிகிறது.

ஓகேமல் (OCaml) என்னும் நிரல்மொழியையே பாருங்கள். பல கோர்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியாக இயங்கும் செயலிப் பகுதிகள்) கொண்ட கணினியிலும் அதில் எழுதிய நிரல் ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓடியது. அதை மாற்றும் திட்டம் கேம்பிரிட்ஜில் தொடங்கி, 2014-ல் ஒரு பட்டறையில் அறிமுகமானது. நிரல் பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் துப்புரவு செய்யும் ‘கார்பேஜ் கலெக்டர்’தான் சிக்கலின் மையம். மற்ற கோர்களை நிறுத்தாமல், ஒவ்வொரு கோரும் தன் பங்கைத் தானே துப்புரவு செய்துகொள்வது ஒரு வழி. எல்லாக் கோர்களையும் ஒரு கணம் நிறுத்திச் சேர்ந்து செய்வது இன்னொரு வழி. முதலாவதுதான் கேட்கும்போதே அழகாக இருக்கிறது. திட்டக் குழுவினர் இரண்டையும் கட்டி, அளந்து பார்த்தார்கள். முதல் வழியை ஏற்றால், சி மொழியுடன் பேசும் பழைய நிரல்களை மாற்றி எழுதவேண்டி வந்திருக்கும். இரண்டாவதையே தேர்ந்தார்கள். அந்த ஒப்பீடு 2020-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னை ஐ.ஐ.டி.யின் கே.சி. சிவராமகிருஷ்ணன். ஓகேமல் 5.0 வெளியானது 2022 டிசம்பரில். எட்டு ஆண்டுகள்! மக்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு சுவரும் விரிசல் விடாமல் அஸ்திவாரத்தை மாற்றிய வேலை அது. எனக்கு இந்தத் துறைமேல் இருக்கும் மரியாதை இப்படிப்பட்ட உழைப்பால் வந்தது.

இதைவிடவும் நீண்ட காத்திருப்பு உண்டு. ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்குப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி கணினி அறிவியலாளர் ராபின் மில்னர் தம் கோட்பாட்டுக் கட்டுரையை வெளியிட்டது 1978-ல். பிலிப் வாட்லர், மார்ட்டின் ஓடர்ஸ்கி முதலானோர் 1990-களில் அந்த வழியில் வந்த கருத்துகளை ஜாவாவுக்குப் பொருத்திக் காட்டினார்கள். ‘ஜெனரிக்ஸ்’ என்ற பெயரில் அவை அதிகாரபூர்வமாக ஜாவாவில் இடம்பெற்றது 2004-ல். நீங்கள் கல்லூரியில் எழுதிய ஜாவா நிரலில் அவை நிச்சயம் இருந்திருக்கும்.

இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் மொழியில் எண், மெய்-பொய், ‘இஃப்’, ஃபங்ஷன் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். எந்தக் கோவைக்கு (எக்ஸ்பிரஷனுக்கு) எந்த வகை (டைப்) என்று விதிகள் எழுதுங்கள். பிறகு, வகைச் சோதனையில் தேறிய நிரல் நடுவழியில் சிக்கி நிற்காது என்பதை நிறுவுங்கள். பெஞ்சமின் பியர்ஸும் சகாக்களும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ‘சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்ஸ்’ பாடநூல் வரிசையின் இரண்டாம் பாகம் இதைப் படிப்படியாகச் சொல்லித்தருகிறது. முதல் பாகத்தைத் தாண்டாமல் அதற்குள் போகாதீர்கள். ஒரு நிறுவல் மூன்று நாள் நகராமல் நின்று, நான்காம் நாள் அவிழும்போது வரும் மகிழ்ச்சி உங்களுக்கு வந்தால் தயங்க வேண்டாம். சலிப்பு மட்டுமே மிஞ்சினால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பொறியாளர் வேலையே உங்களுக்கு உகந்தது. அதுவும் நல்ல வேலைதான்.

அடுத்தது படிப்பு. கேட் தேர்வு எழுதி, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு வழி எம்.எஸ். சேரலாம், நன்றாகச் செய்தால் இடையிலேயே பிஎச்.டி.க்கு மாறவும் வாய்ப்புண்டு. ஐ.ஐ.டி. பிஎச்.டி. உதவித்தொகை இப்போது முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அமெரிக்காவில் பி.இ. முடித்ததும் நேரடியாக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். ஆனால் அங்கே பல நாடுகளில் பிஎச்.டி. சம்பளத்துடன் கூடிய பணி.

பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கூடவே இதையும் சொல்லுங்கள்: பெங்களூருவில் சிப் வடிவமைக்கும் நிறுவனங்கள் பலவற்றில் கம்பைலர் குழுக்கள் இருக்கின்றன. இந்த பிஎச்.டி.க்கு அங்கே மதிப்புண்டு.

துறையில் யாரையும் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். சிக்பிளான் (SIGPLAN) என்னும் நிரல்மொழி ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பு, மாணவர்களை மூத்த ஆய்வாளர்களுடன் இணைத்துக் காணொளி வழியே வழிகாட்டும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. பெயர் சிக்பிளான்-எம், கட்டணம் இல்லை. பாப்பிள் (POPL), பிஎல்டிஐ (PLDI) போன்ற நிரல்மொழி ஆய்வு மாநாடுகளை ஒட்டி மாணவர்களுக்கான வழிகாட்டல் பட்டறைகளும் நடக்கின்றன. தேர்வாகிறவர்களுக்குப் பயண உதவி கிடைக்கும்.

ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது மதிப்பெண் பட்டியலோடு தொடங்காதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். எந்த இடத்தில் புரியாமல் நின்றீர்கள், அதை உங்கள் சிறிய மொழியில் முயன்றபோது என்ன நடந்தது என்று பத்து வரிகளில் எழுதி, நிரலின் இணைப்பைக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதன்பின் அடுத்தவருக்கு எழுதுங்கள்.