புயலுக்கு முந்தைய நாள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தை ஆறேழு வருடங்களாக வாசிக்கிறேன். இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன், அதுவும் இலக்கியம் பற்றி இல்லை, மன்னிக்கவும். வட கரோலினாவின் கடலோரத் தீவுகளில், அவுட்டர் பேங்க்ஸில், உங்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீடு வைத்திருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நாங்களும் இந்த மார்ச்சில் அங்கே ஏவன் ஊரில் ஒரு வீடு வாங்கினோம். கேரியிலிருந்து நாலரை மணி நேரப் பயணம். மாதம் ஒரு வார இறுதி நாங்கள் போவோம், மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாம் என்று திட்டம்.

புயல் காலம் தொடங்கப்போகிறது. நான் கடலூரில் வளர்ந்தவள், 2011 தானே புயல் அன்று அங்கேதான் இருந்தேன், அதனால் எனக்குப் பெரிய பயம் இல்லை. புயல் வருகிறது என்றால் முந்தைய நாள் நானும் கணவரும் காரில் போய் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம் என்று நினைக்கிறோம். அதற்கு எந்த வழி நல்லது? நெடுஞ்சாலை 64ஆ, 264ஆ, 158ஆ? இன்னொன்று, அம்மா செப்டம்பரில் வருகிறார். அவரால் மாடி ஏற முடியாது. வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே சுவர் வைத்து மூடிய ஓர் இடம் இருக்கிறது, அதை அவருக்கு ஓர் அறையாக மாற்றலாமா?

அன்புடன்,
க., கேரி, வட கரோலினா

*

அன்புள்ள க.,

வழியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், புயலுக்கு முந்தைய நாள் அங்கே போகும் திட்டத்தையே விட்டுவிடுங்கள். அந்த நாளில் நீங்கள் போகத் தேவையில்லாதபடி வீட்டை வைத்திருப்பதுதான் தயாரிப்பு. நாலரை மணி நேரத் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு வேறு தயாரிப்பே கிடையாது என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஒருமுறை சரியாக நீங்கள் சொல்வதைத்தான் செய்தோம். 2016 அக்டோபரில் மாத்யூ புயல். எங்கள் வீடும் ஏவனில்தான், மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கியது. புயல் தெற்கு கரோலினாவில் கரை ஏறும் என்றார்கள், அங்கேயேதான் ஏறியது, அக்டோபர் 8, எங்களுக்குச் சில நூறு மைல் தெற்கே. நானும் ஒரு நண்பரும் போய்ப் பலகை அடித்தோம், வேலை நினைத்ததைவிட நீண்டது, இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பலாம் என்று படுத்தோம். புயல் கரையை விட்டு மறுபடி கடலுக்குள் நகர்ந்தபோது காற்று திசை மாறியது. தண்ணீர் கடல் பக்கமிருந்து வரவில்லை. பின்னால், மேற்கே இருக்கும் பாம்லிக்கோ காயலிலிருந்து வந்தது. இருட்டில், சத்தமே இல்லாமல், குளம் நிரம்புகிற மாதிரி. வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த கார் உப்புத் தண்ணீரில் மூழ்கியது. மின்சாரம் போய், சாலை திறக்கும்வரை மாடியில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவிக்கு இரண்டு நாள் ஒரு தகவலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு புயல் நேரத்தில் எங்களில் யாரும் அந்தத் தீவுக்குப் போனதில்லை.

அந்த நிலத்தை ஒரு தடவை வரைபடத்தில் நன்றாகப் பாருங்கள். ஏவன் இருக்கும் ஹாட்டரஸ் தீவு என்பது ஒரு நீள மணல் திட்டு. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பழவேற்காடு ஏரி மாதிரி ஆனால் அதைவிடப் பலமடங்கு பெரிய காயல். நடுவில் ஒரே ஒரு சாலை, 12ஆம் எண், போக ஒரு தடம் வர ஒரு தடம். பல இடங்களில் சாலையில் நின்றால் இரண்டு பக்கத் தண்ணீரும் நடந்து போகிற தூரம்தான். 2003இல் இசபெல் புயல் ஃபிரிஸ்கோவுக்கும் ஹாட்டரஸ் ஊருக்கும் நடுவே தீவையே வெட்டிப் புதிய கழிமுகம் திறந்துவிட்டது, அதை மூடிச் சாலையைத் திரும்பப் போட இரண்டு மாதம் ஆனது. 2011இல் ஐரீன், பீ ஐலண்டிலும் ரொடாந்தியிலும் சாலையை உடைத்தது. அக்டோபரில் தற்காலிகப் பாலம் போடும்வரை காயலுக்கு அக்கரையில் இருக்கும் ஸ்டம்பி பாயின்ட்டிலிருந்து ரொடாந்திக்கு அவசரப் படகுதான் ஓடியது. ஐரீன் கரை ஏறும்போது வெறும் முதல் வகைப் புயல். இந்த ஒன்று இரண்டு மூன்று என்ற எண்களெல்லாம் காற்றின் வேகத்துக்கு மட்டும்தான், தண்ணீர் எவ்வளவு வரும் என்று அவை சொல்வதே இல்லை. 2019இல் டோரியனும் இங்கே வந்தபோது எண்ணில் பெரிய புயல் இல்லை, தெற்கே அடுத்த தீவான ஒக்ரகோக்கில் என்ன செய்தது என்று அங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதுவும் காயல் தண்ணீர்தான்.

இன்றைக்கு நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. ஆரகன் கழிமுகத்தில் 1963இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பதிலாக 2019இல் புதிய பாலம் வந்துவிட்டது. ரொடாந்தியில் அடிக்கடி உடைந்த துண்டைத் தவிர்க்க 2022இல் காயலுக்கு மேலேயே 2.4 மைல் பாலம் போட்டார்கள். ஆனால் பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவே இருப்பது அதே மணல்தான். புயலே வேண்டாம், குளிர்காலத்து வடகிழக்குக் காற்று இரண்டு நாள் அடித்தாலே சாலை மணலும் தண்ணீருமாகிவிடும். 2022 மே மாதம் ரொடாந்தியில் இரண்டு வீடுகள் ஒரே நாளில் கடலில் விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள், அன்று ஹரிக்கேன் எதுவும் இல்லை.

சரி, வழி. உங்களுக்கு 64தான். தீவிலிருந்து வடக்கே நாக்ஸ் ஹெட் வரை 12, அதற்குச் சாதாரண நாளிலேயே ஒரு மணி நேரம் ஆகும், அந்தத் துண்டுக்கு மாற்றே இல்லை. அங்கிருந்து மேற்கே ரோனோக் தீவைத் தாண்டி அந்த ஐந்து மைல் பாலம், மேன்ஸ் ஹார்பர், அலிகேட்டர் நதி, கொலம்பியா, பிளிமத், வில்லியம்ஸ்டன், ராலி. மேன்ஸ் ஹார்பருக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே இரண்டு பக்கமும் சதுப்புக் காடு, பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அதனால் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அங்கே தங்கும்போது டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. 158 என்பது கிட்டி ஹாக் பாலம் வழியாக வர்ஜீனியாவுக்குப் போகிறவர்களுக்கு, வாடகைக்கு வந்த கூட்டம் பெரும்பாலும் அதில்தான் போகும், கேரிக்குப் போகிற நீங்கள் அதில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. 264 வரைபடத்தில் அழகாகத் தெரியும், ஆனால் அது போகும் ஹைட் கவுண்டி முழுக்கத் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கிறது, 64க்கு முன்னால் அதில் தண்ணீர் ஏறிவிடும். தெற்கே ஒக்ரகோக் போய் ஸ்வான் குவார்ட்டர் படகில் ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று கூடும்போது முதலில் நிற்பது படகுதான்.

எப்போது கிளம்புவது என்பது எந்த வழி என்பதைவிட முக்கியம். வெளியேறும் உத்தரவு வந்ததும் கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். ஹரிக்கேன் வாட்ச் என்றால் புயல் காற்று தொடங்கச் சுமார் 48 மணி நேரம் இருக்கிறது என்று பொருள், வார்னிங் என்றால் 36. வாட்ச் வந்த அன்று வீட்டில் இருந்தால் அன்றே கிளம்பிவிடுங்கள். அப்புறம், தொலைக்காட்சியில் புயலின் பாதையைக் காட்டும் அந்தக் கூம்புப் படத்துக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதி அடையாதீர்கள். புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை அதற்குள் இருக்கும் என்பதுதான் அதன் கணக்கு. காற்றும் தண்ணீரும் கூம்புக்கு வெளியே எவ்வளவு தூரம் போகும் என்பதை அது காட்டவே காட்டாது. மாத்யூவில் நாங்கள் கற்றது அதுதான்.

திரும்பிப் போவதும் ஒரு திட்டம். புயல் முடிந்த மறுநாள் யார் வேண்டுமானாலும் உள்ளே போக முடியாது. முதலில் அவசரப் பணியாளர்கள், பிறகு அங்கேயே வசிப்பவர்கள், அப்புறம்தான் நம் மாதிரி வெளியூர் வீட்டுக்காரர்கள். அதற்கு ஏவன் இருக்கும் டேர் கவுண்டியின் மறுநுழைவு அனுமதி வேண்டும், இப்போதே வாங்கிக் கேரி வீட்டில் வையுங்கள். அழைத்ததும் ஓட வேண்டாம். சாலைத் துறையின் இணையப் பக்கத்தில் 12 முழுவதும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பகலில் மட்டும் போங்கள். சாலையில் நிற்கும் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதில் ஓட்டினால் பிரேக்கும் அடிப்பகுதியும் சில மாதங்களில் துருப்பிடித்துவிடும்.

இனி வீடு. கடலூர் அனுபவத்தை இங்கே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்று அன்போடு சொல்கிறேன். அங்கே கான்கிரீட் வீட்டில் கதவை அடைத்துக்கொண்டு விடியும்வரை இருந்திருப்பீர்கள். இது தூண்கள் மேல் நிற்கும் மரவீடு. ஒரு ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் அது கூரையைக் கீழிருந்து தூக்கும். அதனால்தான் ஜன்னலை மூடுகிறோம், கண்ணாடிக்காக இல்லை. கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. உங்கள் வீட்டிலும் கூடமும் சமையலறையும் மேல் மாடியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அங்கே பெரும்பாலும் அப்படித்தான் கட்டுவார்கள். அப்படியென்றால் உங்கள் பெரிய ஜன்னல்கள் தரையிலிருந்து இருபது அடிக்கு மேலே. காற்று எழும்பிய பிறகு ஏணியில் நின்றுகொண்டு ஒரு முழுப் பலகையைப் பிடித்துப் பாருங்கள், அது உங்களைப் பாய்மரமாக்கிவிடும். மேல் ஜன்னல்களுக்கு நிரந்தரமாகப் பொருத்தி மடக்கும் உலோக ஷட்டர் போட்டுவிடுங்கள், செலவுதான், ஆனால் பத்து நிமிடத்தில் ஒருவரே மூடிவிடலாம். கீழ்மட்ட ஜன்னல்களுக்குப் பலகை போதும். குறைந்தது 5/8 அங்குலத் தடிமனுள்ள பிளைவுட், இப்போதே அளவெடுத்து வெட்டி, துளையிட்டு, எந்த ஜன்னலுக்கு எது என்று எண் எழுதி அடுக்கி வையுங்கள். புயல் பெயர் வந்த பிறகு கடையில் பலகை இருக்காது.

அதைப் பொருத்த உள்ளூரில் ஒருவர் வேண்டும். வாடகைக்கு விடும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா நினைக்காதீர்கள். ஷட்டர் மூடுவதும் வெளியே கிடக்கும் நாற்காலிகளை உள்ளே எடுப்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. நாங்கள் ஊரிலேயே ஒரு தச்சருக்கு வருடத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறோம், அவருடைய பட்டியலில் எங்கள் வீடு எத்தனையாவது என்பதையும் கேட்டு வைத்திருக்கிறோம். அவரிடம் சாவியும் ஒரு தாளும் இருக்கும்: மெயின் தண்ணீர் வால்வை மூடுவது, கேஸ் சிலிண்டரை அடைப்பது, லிஃப்ட் இருந்தால் மேல் மாடிக்கு அனுப்பிவிட்டு அதன் மின்சாரத்தை நிறுத்துவது, குப்பைத்தொட்டியை உள்ளே இழுப்பது. வெளியே உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி (ஹாட் டப்) இருந்தால் தண்ணீரை இறக்கக் கூடாது, அந்த எடைதான் அதைப் பிடித்து வைக்கிறது, மூடியைப் பட்டையால் கட்டி மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதும்.

காப்பீடு பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை. அங்கே பொதுவாக மூன்று பத்திரங்கள்: சாதாரண வீட்டுக் காப்பீடு, காற்றுக்குத் தனி, வெள்ளத்துக்குத் தனி. வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஒரு பைசா தராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், கட்டடத்துக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர், பொருட்களுக்கு ஒரு லட்சம். விடுமுறை வீடு என்பதால் கட்டடத்துக்குக் கூடத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். காற்றுப் பத்திரத்தில் பெயரிட்ட புயலுக்கென்று தனியாக ஒரு கழிவு (டிடக்டிபிள், முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) இருக்கும், அது டாலரில் இல்லாமல் சதவீதத்தில் இருக்கலாம். ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் முதல் பத்தாயிரம் உங்கள் பையிலிருந்து. புயல் கடலில் உருவாகிக் கிட்டே வந்துவிட்டால் யாரும் புதிய பத்திரம் எழுதமாட்டார்கள். ஒவ்வொரு அறையையும் அலமாரி திறந்து வீடியோ எடுத்து வையுங்கள், புயலுக்குப் பிறகு சுத்தம் செய்வதற்கு முன்னும் எடுங்கள்.

அம்மாவுக்கான அந்தக் கீழ் அறை வேண்டாம் க. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அந்தச் சுவர்கள் பெரும்பாலும் உடைவதற்காகவே வைத்தவை. தண்ணீர் வேகமாக வரும்போது அவை பெயர்ந்து வழிவிட்டால்தான் தூண்களும் மேல் வீடும் நிற்கும். வெள்ள மண்டலத்தில் அந்த இடத்தை வண்டி நிறுத்தவும் சாமான் போடவும் படி ஏறவும் மட்டும்தான் பயன்படுத்தலாம், அறையாக்கினால் சட்டச் சிக்கல், காப்பீடும் அங்கே மிகக் கொஞ்சம்தான் தரும். அதையெல்லாம்விட, காயல் தண்ணீர் ராத்திரியில் வந்தால் முதலில் நனைவது அம்மாவின் கட்டில். மாடிப்படி ஏற முடியாதவரை அப்போது யார் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவது?

புயல் காலத்தின் உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். அம்மாவின் டிக்கெட்டை மாற்ற முடியாது என்றால் செப்டம்பர் முழுக்கக் கேரியில் வைத்துக்கொள்ளுங்கள், அக்டோபர் பின்பாதியில், வானிலை பார்த்து, மூன்று நாளுக்கு அழைத்துப் போங்கள். காலம் நவம்பர் 30 வரை இருக்கிறது, ஆனாலும் அப்போது கூட்டமும் சூடும் குறைந்திருக்கும், கடல் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்காது. வீட்டில் லிஃப்ட் போட முடியுமா என்று நம் தச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன். உங்கள் ஜன்னல் அளவுகளையும் அனுப்புங்கள், மே முடிவதற்குள் அவர் இன்னும் இரண்டு வீடுகளுக்குத்தான் பலகை வெட்டித் தர முடியும் என்றார்.

அம்மாவுக்கு என் வணக்கம்.