கால்நடை மருத்துவம் படிக்கப் பிளஸ் ஒன்னில் எந்தப் பாடப்பிரிவு?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவள் விருப்பம். அவளது பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லை; கணினி அறிவியல் பிரிவில் சேர்க்கலாமா, தனியார் பள்ளிக்கு மாற்றலாமா? நீட் தேர்வு கட்டாயமா?

பதில்: கணினி அறிவியல் பிரிவில் சேர்க்காதீர்கள். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச்.-இல் சேர, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலையும், அல்லது அதற்குப் பதிலாகத் தாவரவியல், விலங்கியல் இரண்டையும் படித்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாத பிரிவில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் விண்ணப்பிக்க முடியாது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகே பல பெற்றோருக்கு இது தெரியவருகிறது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தனியார் பள்ளிக்கு மாற்றுவதையும் நன்றாக யோசித்துச் செய்யுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கால்நடை மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. கடைசி இரண்டு ஆண்டுகளுக்குத் தனியார் பள்ளிக்குச் சென்றால் உங்கள் மகள் அந்த உரிமையை இழந்துவிடுவாள். எனவே, பக்கத்து ஊரில் உயிரியல் பிரிவு உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தால், தினமும் பேருந்தில் போய்வர நேர்ந்தாலும், அங்கே சேர்ப்பதே நல்லது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் அதையே எடுங்கள். கால்நடை மருத்துவ இடம் கிடைக்காமல் போனாலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் ஆகிய பி.டெக். படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம். அவற்றுக்குக் கணிதம் தேவை.

இனி நீட். இந்தப் பல்கலைக்கழகம், சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் உள்ள தன் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்புகிறது. அதற்கு நீட் தேவையில்லை. கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படும்: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 88 எடுத்தவருக்கு 96, 45, 44 எனக் கூட்டி 185 வரும். உயிரியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபிலும் முழுதாக ஒன்று குறையும். மற்ற இரண்டிலும் அரை மதிப்பெண்தான் குறையும். ஆங்கில மதிப்பெண் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் தகுதிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பார்க்கும்போது அதுவும் சேர்த்துக்கொள்ளப்படும் என்பதால் அதைக் கைவிட வேண்டாம்.

மீதமுள்ள 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நடத்தும் அந்தக் கலந்தாய்வுக்கு நீட் மதிப்பெண் கட்டாயம். கேரளத்தின் மண்ணுத்தி, பூக்கோடு கல்லூரிகளில் உள்ள அகில இந்திய இடங்களையும் இதே வழியில்தான் பெற முடியும். வெளிமாநிலத்தில் படிக்க மகளும் நீங்களும் விரும்பினால் மட்டும் நீட் எழுதட்டும். அதற்கான விண்ணப்பப் பதிவு பெரும்பாலும் பிளஸ் டூ முடிவுகளுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்காமல் பிளஸ் டூ படிக்கும்போதே அதை முடிவு செய்துவிடுங்கள்.