பயம் என்ற சொல்லை மாற்றி வாசிக்கலாமா?

வணக்கம் சார்,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். லூத்தரன் சபைக் குடும்பம். நாலைந்து வருடமாக உங்களைப் படித்தாலும் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகள் ஆறாம் வகுப்பு. போன மாதம் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனமாக 'கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்' என்று கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "போன வருஷம் அன்பிலே பயமில்லைன்னு படிச்சேனேம்மா, இதுல எது சரி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. அந்த வசனம் எனக்கு அப்பாவின் பெல்ட்டோடு சேர்ந்து வந்தது. மார்க் குறைந்தாலோ, கோயிலுக்குக் கிளம்ப நேரமானாலோ பெல்ட்டைக் கழற்றுவார். கழற்றிக்கொண்டே வசனத்தைச் சொல்வார். சில நாள் வசனம் முடியும் முன்பே அடி விழும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் காலேஜ் பீஸுக்காக அம்மாவின் வளையலை அடகு வைத்தபோது திரும்பி நின்று அழுதவர். இப்போது 76 வயது, எங்களோடுதான் இருக்கிறார். ஆனாலும் அந்த வசனத்தைக் காலண்டரில் பார்த்தால்கூட எனக்கு முதுகு கூசுகிறது.

சமீபத்தில் ஒரு கூட்டத்தில் பேசியவர், "இந்தத் தலைமுறைக்குத் தெய்வபயமே இல்லை, அதனால்தான் வியாதியும் கடனும்" என்றார். மகள் அன்று ராத்திரி லைட்டை அணைக்க விடவில்லை. அதற்குப் பிறகு குடும்ப ஜெபத்தில் 'பயம்' வருகிற இடத்தில் எல்லாம் 'மரியாதை' என்று மாற்றி வாசிக்கிறேன். இது தப்பா? பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது, இது நான் அனுபவித்தது. அப்படியிருக்க, பயம் எப்படி ஞானத்துக்கு ஆரம்பமாக முடியும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

பெல்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதைத் தாண்டிவிட்டு வேதவிளக்கம் சொன்னால் அது உங்களுக்கு எழுதிய பதிலாக இருக்காது.

உங்கள் அப்பா கேட்டது அவர் மீதான பயத்தை. கையெழுத்து மட்டும் கடவுளுடையது. ஏசாயா 29ஆம் அதிகாரத்தில் கர்த்தரே இதைக் குறையாகச் சொல்கிறார்: 'அவர்கள் எனக்குப் பயப்படுகிற பயம் மனுஷராலே போதிக்கப்பட்ட கற்பனையாயிருக்கிறது.' கற்பனை என்றால் இங்கே கட்டளை. வாயால் கிட்டே வருகிறார்கள், இருதயம் தூரத்தில் நிற்கிறது என்று அதே வசனம் சொல்கிறது. உங்கள் முதுகு கூசுவது வசனத்தைப் பார்த்து அல்ல, அதைச் சொன்ன குரலின் நினைவில். இரண்டும் ஒட்டிப்போய்விட்டன. பிரித்தெடுக்க நாளாகும்.

கூட்டத்தில் பேசியவருக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஆபிரகாம் கேரார் என்ற ஊருக்குப் போகிறார். 'இவ்விடத்தில் தெய்வபயம் இல்லை' என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, உயிருக்குப் பயந்து, மனைவியைத் தங்கை என்கிறார். நடந்தது என்ன? அந்த ஊர் ராஜா அபிமெலேக்கு கனவில் கடவுள் பேசியதைக் கேட்டதும் விடியற்காலையில் எழுந்து ஊழியக்காரரைக் கூப்பிட்டுச் சொல்கிறான். அவர்கள் மிகவும் பயந்தார்கள் என்கிறது ஆதியாகமம். தெய்வபயம் இல்லாத ஊர் என்று பேர் வாங்கிய இடத்தில் அது இருந்தது. விசுவாசத்தின் தகப்பன் என்று சொல்லப்படுகிற ஆபிரகாம்தான் அன்றைக்கு ராஜாவுக்குப் பயந்து பொய் சொன்னார். யாருக்குத் தெய்வபயம் இல்லை என்று மைக் பிடித்து அறிவிக்கிறவர்கள் இந்த 20ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு மேடை ஏறலாம்.

சரி, மரியாதை.

மாற்றி வாசிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். மரியாதை நாம் தாராளமாகக் கொடுக்கிற சரக்கு. சிறப்பு விருந்தினருக்குக் கொடுப்போம், பொன்னாடை போர்த்துவோம், வாசல்வரை போய் வழியனுப்புவோம், அப்புறம் நம் பாட்டுக்கு இருப்போம். பத்துக் கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலையடியில் நின்ற ஜனங்களுக்கு இருந்தது அது அல்ல. இடியும் எக்காளச் சத்தமும் மலை புகைவதையும் பார்த்துத் தூரத்தில் போய் நிற்கிறார்கள். அப்போது மோசே சொல்வதைக் கவனியுங்கள் (யாத்திராகமம் 20:20). முதலில் 'பயப்படாதிருங்கள்' என்கிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடி தேவனைப் பற்றிய பயம் உங்கள் முகத்துக்கு முன்பாக இருக்கத்தான் அவர் வந்தார் என்கிறார். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல். ஒன்றைப் பீதி, இன்னொன்றை மரியாதை என்று பிரித்துக் கொடுக்க மோசே வேறு சொல் தேடவில்லை. கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்திலும், உங்கள் மகள் படித்த வசனம் வருகிற நீதிமொழிகளில் 'அச்சம்' என்றுதான் இருக்கிறது.

புத்தி வேலை செய்யாது என்றீர்களே, அதற்கு வருகிறேன். நீதிமொழிகள் சொல்கிற ஞானம், எபிரெயத்தில் ஹொக்மா, படிப்பைக் குறிக்கிற சொல் மட்டும் இல்லை. இஸ்ரவேலர் கடவுளை வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன்னும் வெண்கலமும் கல்லும் மரமும் செதுக்கிய பெசலெயேலுக்குக் கடவுள் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் ஹொக்மாதான். அந்தக் கூடாரத்துக்கு நூல் நூற்ற பெண்களுக்கு இருந்ததும் அதுதான். 107ஆம் சங்கீதத்தில் புயலில் சிக்கிய கப்பல்காரர்களின் 'ஞானமெல்லாம் முழுகிப்போகிறது' என்று வருமே, அங்கே முழுகுவது கடலோட்டும் கைப்பழக்கம். ஆகவே ஞானம் என்றால் பொருளின் குணமறிந்து புழங்கத் தெரிவது. வாழ்க்கையையும் அப்படிப் புழங்கத் தெரிந்தவன்தான் நீதிமொழிகளின் ஞானி.

எங்கள் வீட்டுக்கு வருகிற எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடத் தொழில். வந்ததும் மெயினை அணைப்பார். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்குவார். அதை அங்கேயே மேலே வைத்துவிட மாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை நடக்கும்போது வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதே. அதற்குப் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயரில் கை வைப்பார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். "பயம் விட்டுப்போச்சுன்னா அன்னிக்குத்தான் சார் அடிக்கும்" என்றார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பயம் இருக்கிறது, கை நிதானமாக இருக்கிறது. கூட வருகிற பையன்தான் ஒன்று நடுங்குவான், இல்லை அலட்சியமாகக் கை வைப்பான். இரண்டும் தொழில் தெரியாததன் அடையாளம். அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் 'அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்' என்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

கடவுளை மின்சாரத்தோடு ஒப்பிட்டால் ஓரளவுக்கு மேல் ஓடாது, தெரியும். மின்சாரத்துக்கு நம்மேல் பிரியம் கிடையாது. ஆனால் ஆரம்பம் என்ற சொல் இந்த இடத்தில் விளங்குகிறது. என்னைவிடப் பெரிய ஒன்று இங்கே இருக்கிறது, இது என் இஷ்டத்துக்கு வளையாது என்று தெரிந்த இடத்தில்தான் தொழில் ஆரம்பிக்கிறது. நீதிமொழிகள் 3:7 பயத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பது தைரியத்தை அல்ல: 'நீ உன்னை ஞானியென்று எண்ணாதே, கர்த்தருக்குப் பயந்து, தீமையை விட்டு விலகு.'

இனி உங்கள் மகளின் கேள்வி. அதே கேள்வியை ஏறக்குறைய 1600 வருடத்துக்கு முன் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்தில் பிஷப்பாக இருந்த அகஸ்டின் தன் சபையார் முன் எடுத்து வைத்தார். யோவானின் முதல் நிருபத்தை வரிசையாகப் பிரசங்கித்துக்கொண்டு வந்தவர், 'பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்' என்ற வசனத்தில் நிற்கிறார். 19ஆம் சங்கீதமோ கர்த்தருக்குப் பயப்படுகிற பயம் சுத்தமானது, என்றைக்கும் நிலைக்கிறது என்கிறதே, ஒன்று தள்ளச் சொல்கிறது, ஒன்று நிலைக்கும் என்கிறது, எப்படி? இரண்டு குழல், ஊதுகிற மூச்சு ஒன்று, கேட்கத் தெரிந்தால் சுருதி சேரும் என்கிறார். அப்புறம் இரண்டு மனைவிகளைக் காட்டுகிறார். ஒருத்தி கணவனுக்குத் தெரியாமல் தப்பு செய்கிறவள். அவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். மற்றவள் அவன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். இரண்டும் பயம்தான். முதல் பயத்தை அன்பு வெளியே தள்ளும். இரண்டாவது பயம் அன்பிலிருந்தே வருவது.

முதல் பயத்தையும் அவர் வீண் என்று தூக்கி எறியவில்லை. தைக்கும்போது ஊசி முதலில் நுழைகிறது. அது வெளியே வந்தால்தான் பின்னால் நூல் வரும். பயம் ஊசி, அன்பு நூல். ஊசியை உள்ளேயே விட்டுவிட்டால் தையல் ஆகாது, குத்திக்கொண்டே இருக்கும். இதைப் படிக்கும்போது உங்கள் கடிதம்தான் ஞாபகம் வந்தது. உங்களுக்குள் ஊசி அப்படியே நின்றுவிட்டது.

லூத்தரன் சபை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திடப்படுத்தல் வகுப்பில் உங்கள் சபைக்குப் பேர் தந்த மார்ட்டின் லூத்தர் எழுதிய விசுவாசப் பாடநூலான சிறிய ஞானோபதேசத்தை ஒப்பித்திருப்பீர்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தொடக்கத்திலேயே தமிழாக்கியவற்றில் அதுவும் ஒன்று. லூத்தரும் அடிபட்ட பிள்ளை. ஒரு கொட்டையை எடுத்ததற்காக அம்மா ரத்தம் வரும்வரை அடித்ததையும், அப்பாவின் சவுக்கடிக்குப் பயந்து ஓடியதையும் பெரியவரான பிறகு சாப்பாட்டு மேசையில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். பிரம்பு இருந்தால் பக்கத்தில் ஆப்பிளும் இருக்க வேண்டும் என்பது பெற்றோருக்கு அவர் சொன்ன யோசனை. பிரம்பே வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். அது போகட்டும். 1507இல் குருவாகி முதல் பூசை வைத்தபோது, ஜீவனுள்ள கடவுளிடம் பேசுகிறோம் என்ற திகிலில் பீடத்தில் நிற்க முடியாமல் தவித்தவர் அவர். 1529இல் பிள்ளைகளுக்காக ஞானோபதேசம் எழுதும்போது 'பயம்' என்ற சொல்லை அவர் விட்டுவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. விடவில்லை. முதல் கற்பனைக்குக் கடவுளுக்குப் பயந்து, அவரை நேசித்து, நம்ப வேண்டும் என்று பொருள் சொன்னார். மற்ற ஒன்பதுக்கும் பயந்து நேசிக்க வேண்டும் என்றே தொடங்கினார். பயத்தை எடுத்துவிட்டு வேறு சொல் வைக்கவில்லை. பக்கத்திலேயே நேசத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

அந்த விளக்கங்கள் போய் முடிகிற இடத்தையும் பாருங்கள். கொலை செய்யாதே என்பதற்குப் பொருள், பிறனுடைய உடம்புக்குத் தீங்கு செய்யாமல் அவனுக்கு உதவ வேண்டும். களவு செய்யாதே என்றால் கள்ளச்சரக்கும் கள்ள வியாபாரமும் கூடாது. கடவுளுக்குப் பயப்படுகிறவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் நன்றாக நடந்துகொள்கிறான், அவ்வளவுதான். லேவியராகமம் 19இல் செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே என்று சொன்னவுடன் உன் தேவனுக்குப் பயந்திரு என்று வருகிறது. திட்டியது செவிடனுக்குக் கேட்காது. வைத்தது யார் என்று குருடனுக்குத் தெரியாது. திருப்பி அடிக்க முடியாதவனிடம் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. பத்து வயதுப் பிள்ளையாலும் திருப்பி அடிக்க முடியாது. கர்த்தருக்குப் பயப்படுதல் என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றியவருக்கு, அந்த வசனம் தன்னிடம் என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. இதை அவரிடம் இப்போது சொல்ல வேண்டுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மகளுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். ஒரு கதை போதும். யாத்திராகமம் முதல் அதிகாரம். எபிரெயருக்கு ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுபோடச் சொல்லி எகிப்தின் ராஜா இரண்டு மருத்துவச்சிகளுக்கு உத்தரவு போடுகிறான். சிப்பிராள், பூவாள். மருத்துவச்சிகளோ தேவனுக்குப் பயந்ததினால் ராஜா சொன்னபடி செய்யவில்லை என்கிறது வேதம். அவர்களிடம் கடவுள் பேசவில்லை, கனவு வரவில்லை, பத்துக் கற்பனைகள் இன்னும் எழுதப்படவே இல்லை. அன்றாடம் பிள்ளையைக் கையில் ஏந்துகிற வேலை, அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ராஜா கூப்பிட்டுக் கேட்டபோது நடுங்கவும் இல்லை: எபிரெய ஸ்திரீகள் பலமுள்ளவர்கள், நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள். அந்தப் பதிலில் கொஞ்சம் குறும்பும் இருக்கிறது. பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது என்றீர்கள். இந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருக்கிறது பாருங்கள். ஒரு பயம் சரியான இடத்தில் இருந்ததால் ராஜா பயம் ஒட்டவே இல்லை.

குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தை, உள்ளது உள்ளபடி, மகளையே வாசிக்கச் சொல்லுங்கள். தாத்தாவும் உட்கார்ந்திருக்கட்டும். மருத்துவச்சிகளின் பெயர் அவளுக்கு உடனே கிடைத்துவிடும். அந்த ராஜாவின் பெயர் என்ன என்று கேளுங்கள். தேடிப் பார்க்கட்டும்.

அன்புடன்.