அசாயேவில் தோற்றது பீரங்கியா?

கேள்வி: ஆங்கிலேயரிடம் மேலான பீரங்கிகளும் பயிற்சி பெற்ற படையும் இருந்ததால்தான் மராத்தியர்கள் தோற்றார்கள் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: இல்லை அம்மா. அப்படிச் சொல்வது அசாயே போரில் செத்த மராத்தியப் பீரங்கிக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கிறது அசாயே. 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியத் தலைவர் தௌலத்ராவ் சிந்தியா பக்கம் ஏறக்குறைய 100 பீரங்கிகள், ஐரோப்பிய அதிகாரிகள் பழக்கிய காலாட்படை. எதிரே சிறு படையுடன் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்தவர். கைத்னா ஆற்றைக் கடக்கத் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் கைவிரித்துவிட்டார்கள். அவரோ இரு கரையிலும் நேருக்கு நேராக இரண்டு ஊர்கள் இருப்பதைப் பார்த்தார். ஜனங்கள் போய்வர நடுவே இறங்குதுறை இருந்தே தீரும் என்று கணக்குப் போட்டார். இருந்தது.

கடந்து போய் சிந்தியா படையின் இடப்பக்கம் பாயப் பார்த்தார். ஆனால் அந்தக் காலாட்படை சட்டென்று அணியைத் திருப்பி அவருக்கு நேராக நின்றுவிட்டது. பீரங்கிக்காரர்கள் கடைசிவரை இடத்தைவிட்டு அசையவில்லை. சிலர் செத்தவர்கள்போல் பீரங்கியடியில் கிடந்து, எதிரி தாண்டிப் போனதும் எழுந்து, பின்னாலிருந்து சுட்டார்கள். வெல்லெஸ்லி தரப்பில் 1,500 பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். தன் வாழ்நாளில் சிறப்பாகப் போரிட்டது எங்கே என்று பிற்காலத்தில் கேட்டபோது அவர் சொன்ன பெயர் வாட்டர்லூ இல்லை, அசாயே.

அப்புறம் ஏன் தோற்றார்கள்? வீட்டுச் சண்டைதான். 1802 அக்டோபரில் புனே அருகே இன்னொரு மராத்தியத் தலைவர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர், பேஷ்வா (மராத்தியரின் பிரதம மந்திரி) - சிந்தியா படைகளை முறியடித்தார். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஓடிப்போய், டிசம்பர் 31 அன்று பஸ்ஸீனில் (இன்றைய வசாய்) ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் போர் வந்தபோது சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும் மட்டும் நின்றார்கள், ஹோல்கர் ஒதுங்கிக்கொண்டார். சிந்தியாவிடமிருந்த ஐரோப்பிய அதிகாரிகளையும் கம்பெனி தன் பக்கம் இழுத்தது. தலைமைத் தளபதி பெரோனே சரணடைந்தார். 1804-ல் ஹோல்கர் தனியாகச் சண்டைக்கு வந்து, மான்சன் என்ற கர்னலின் படையை ஓட ஓட விரட்டினார். இந்தக் கை முந்தின வருஷமே சிந்தியாவோடு சேர்ந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

கேள்வி: அசாயேவில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்களா?
- அதே வாசகி

பதில்: இருந்தார்கள், கம்பெனியின் பக்கம். வெல்லெஸ்லியின் சிப்பாய்ப் பட்டாளங்கள் சென்னை ராணுவத்தைச் சேர்ந்தவை. இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இருக்கும் யானை அந்தப் போரின் அடையாளமாக வந்ததுதான்.