பிரைமர் அடித்து வைத்த மட்கார்டு ஏன் கொப்பளிக்கிறது?

கேள்வி: என்னிடம் 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. முன் இடது மட்கார்டைக் கழற்றி, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, சாம்பல் நிற பிரைமர் அடித்து ஷெட்டில் வைத்தேன். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் மிளகு மிளகாகக் கொப்புளம். தேய்த்துவிட்டு அதன் மேலேயே பெயின்ட் அடிக்கலாமா? ஊர் தூத்துக்குடி.

பதில்: அடிக்க வேண்டாம். ஒரு கொப்புளத்தை பிளேடு முனையால் கீறித் திறந்து பாருங்கள். அடியில் தகரம் பளபளப்பாக இல்லாமல், ஊசி குத்திய மாதிரி கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது துரு. மேலே எத்தனை கோட் அடித்தாலும் ஒரு மழைக்காலத்துக்குள் அது வெளியே வந்துவிடும்.

பிரைமர் என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு வேறு சரக்கு விற்கிறார்கள். குழப்பமே அங்கேதான். நீங்கள் அடித்த சாம்பல் பிரைமர் அநேகமாக சர்ஃபேசர். தேய்த்து மட்டப்படுத்துவதற்காகவே டால்க் போன்ற மாவுப்பொருள் நிறையச் சேர்த்துச் செய்தது அது. ஈரத்தை இழுக்கும். அதன் அடியில் இருக்கும் பட்டியும் இழுக்கும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் வரும். தகரத்துக்குக் காவல் இன்னொரு சரக்கான எபாக்சி பிரைமர்தான், ஹார்ட்னர் கலந்து அடிப்பது, ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் கிரில்லுக்கும் போதும், காருக்கு வேண்டாம்.

அதனால் மறுபடி வெறும் தகரம் வரை போக வேண்டும். பெயின்ட் ரிமூவர் போடுவதானால், விளிம்பு மடிப்புகளை விட்டுவிட்டுப் போடுங்கள். மடிப்புக்குள் புகுந்த ரிமூவரைக் கழுவி எடுக்க முடியாது, பிறகு புதுப் பெயின்ட்டையே தூக்கிவிடும். மடிப்புகளைக் கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள் வைத்துக் கையால் பாருங்கள். மட்கார்டின் அகலமான பகுதியில் மணல் அடிக்க விடாதீர்கள், தகரம் நெளிந்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். நல்ல மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்தத் தூசி வேண்டவே வேண்டாம்.

கதவுப் பக்கம் கீழ்மூலையில் உள்ளே சேறு தங்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டு வைக்க வேண்டும். ஓட்டையைப் பட்டியால் அடைப்பது வேலையே அல்ல. குழிக்குள் ஒட்டியிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள கரைசல் போட்டால், காய விடாமல் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, சூடான காற்றில் உலர்த்துங்கள். உப்பும் அதோடு போகும். அமிலம் மிச்சம் இருந்தால் எபாக்சி சரியாகப் பிடிக்காது.

அப்புறம் ஒருமுறை 80 நம்பரில் வறட்டுத் தேய்ப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்தல். இதற்குப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கூடாது. வேக்ஸ் கிரீஸ் ரிமூவரை ஒரு வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். தானாகக் காய விட்டால் பிசுக்கு திரும்பத் தகரத்திலேயே படிந்துவிடும். துணியில் அழுக்கு ஒட்டுவது நிற்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

அன்றைக்கே எபாக்சி இரண்டு கோட் அடித்துவிட வேண்டும். உங்கள் ஊரில் வெறும் தகரம் ஒரு ராத்திரி தாங்காது. பனி விலகாத காலையில் அடிக்காதீர்கள். தகரம் வெதுவெதுப்பாகி, முற்பகல் ஆகட்டும். கம்ப்ரசர் டேங்கின் தண்ணீரை முதலில் திறந்து விடுங்கள். கலவை விகிதமும், கலந்தபின் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதும் டின்னுக்கு டின் மாறும். அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள்.

பட்டி எபாக்சிக்கு மேலேதான். எபாக்சி காய்ந்ததும் லேசாகச் சொரசொரப்பாக்கிப் பட்டி போடுங்கள், 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், வறட்டுத் தேய்ப்புதான், நீளமான பிளாக் வைத்து. உள்ளங்கைக்கும் மட்கார்டுக்கும் நடுவே மெல்லிய துணி வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும்.

அதற்கு மேல் 2கே சர்ஃபேசர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் வகை) இரண்டு மூன்று கோட். இதன் ஹார்ட்னரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடி இல்லையென்றால், இந்த ஒரு வேலையை பூத் (பெயின்ட் அடிக்கும் தனி அறை) உள்ள பெயின்ட்டரிடம் கொடுத்துவிடுங்கள். காய்ந்தபின் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலாக அடித்து 320 நம்பரில் தேய்த்தால், கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். கடைசித் தேய்ப்பு சாதா நிறத்துக்கு 600, மெட்டாலிக்குக்கு 800.

சர்ஃபேசர் முடிந்தால் நிறத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பணமோ நேரமோ இல்லாமல் நிறுத்த வேண்டி வந்தால் எபாக்சியோடு நிறுத்தி, வீட்டுக்குள் வையுங்கள். திரும்பத் தொடங்கும்போது அடுத்த கோட்டுக்கு டின்னில் சொன்ன கெடு தாண்டியிருந்தால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடருங்கள். உள்பக்கத்துக்கும் இதே எபாக்சி இரண்டு கோட் கொடுங்கள், பெரும்பாலும் துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது.