சிறுநீர்க் கசிவுக்கான ஸ்லிங்: எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு எப்படி முடிவெடுப்பது?

கேள்வி: இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. மருத்துவர் ஸ்லிங் எனப்படும் மெஷ் (வலை) பட்டை வைக்கலாம் என்கிறார். அமெரிக்காவில் இந்த மெஷ்ஷைத் தடை செய்துவிட்டதாகப் படித்தேன். உண்மைதானா, டாக்டர்?

பதில்: பாதிதான் உண்மை, அம்மா. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது, கருப்பை, சிறுநீர்ப்பை போன்றவை இறங்குவதைச் சரிசெய்யப் பிறப்புறுப்பு வழியாக வைக்கப்பட்ட பெரிய வலையைத்தான். உங்களுக்குச் சொல்லப்படுவது, சிறுநீர் வெளியேறும் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் வைக்கும் ஒடுக்கமான பட்டை. இரண்டும் பாலிப்ரொப்பிலீன் இழையால் ஆனவை என்றாலும், உடலுக்குள் செல்லும் வலையின் அளவும் அது தாங்க வேண்டிய பாரமும் வேறு வேறு. 2008இல் எஃப்.டி.ஏ. விடுத்த முதல் எச்சரிக்கை இரண்டையும் சேர்த்தே பேசியது. கடுமையான சிக்கல்கள் அரிதானவை அல்ல என்று 2011இல் சொன்னதோ இறக்கத்துக்கான வலையைப் பற்றி. மெஷ் வழக்குகளுக்கு ஆள் தேடிய வழக்கறிஞர்களின் விளம்பரங்களில் இந்த வேறுபாடு மறைந்துபோனதால், ஸ்லிங் தேவைப்பட்ட பலரும் பயந்து ஒதுங்கினார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் ஸ்லிங்கில் ஆபத்தே இல்லையா?

பதில்: இருக்கிறது. பட்டை பிறப்புறுப்புச் சுவரை அரித்து வெளியே தெரியலாம். தொடையிலோ இடுப்பிலோ தீராத வலி, உடலுறவின்போது வலி, சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவையும் வரலாம். இங்கிலாந்தில் முதன்முறையாக ஸ்லிங் வைத்துக்கொண்ட 95,057 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரையில், ஓராண்டுக்குள் 1.4 சதவீதத்தினருக்கும் ஒன்பது ஆண்டுகளுக்குள் 3.3 சதவீதத்தினருக்கும் பட்டையை முழுதாகவோ பகுதியாகவோ அகற்ற நேர்ந்ததாகத் தெரிந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு அகற்றாமலே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலும், திசு வலைக்குள் வளர்ந்துவிடுவதால், வைப்பதைவிட எடுப்பது மிகக் கடினம்.

கேள்வி: நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே மெஷ் வைக்க மாட்டோம் என்கிறார்கள். வேறு என்ன வழி?

பதில்: அங்கே 2018 ஜூலையிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, அது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. பிறப்புறுப்புச் சுவரைத் தையலால் மேலே தூக்கிப் பிடிக்கும் பர்ச் முறையும், உங்கள் வயிற்றுச் சுவரின் நார்த்திசுவையே எடுத்துப் பட்டையாக வைக்கும் முறையும் இருக்கின்றன. 655 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டாண்டு முடிவில் இவ்வகைக் கசிவு நின்றவர்கள் நார்த்திசுப் பட்டையில் 66 சதவீதம், பர்ச்சில் 49 சதவீதம். ஆனால் நார்த்திசுப் பட்டை வைத்தவர்களுக்கே சிறுநீர்த் தொற்றும், சிறுநீர் கழிப்பதில் சிரமமும் அதிகம் இருந்தன. ஆகவே வலை இல்லை என்பதாலேயே ஓர் அறுவை சிகிச்சை பத்திரமானது என்று எண்ண வேண்டாம். இன்னொரு வழி, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றியுள்ள திசுவைப் பருக்கவைக்கப் போடும் ஊசி; அது எளிது. பலன் நீடிப்பது குறைவு, திரும்பவும் போட வேண்டியிருக்கலாம்.

கேள்வி: இடுப்புத்தளத் தசைப் பயிற்சி போதாதா?

பதில்: பலருக்குப் போதும். பயிற்றுநரின் மேற்பார்வையில் மூன்று மாதமாவது செய்து பார்க்காமல் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எச்சரிக்கைகளைப் பற்றிக் கேட்டால் என் மருத்துவர் எரிச்சலடைகிறார்.

பதில்: அப்படியானால் இன்னொருவரைப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார், அவர்களில் எத்தனை பேர் வலியோடு திரும்பி வந்தார்கள், பட்டையை எடுக்க நேர்ந்தால் யார் எடுப்பார்கள் ஆகிய மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.